சன்ஷேடில் கம்பி மேலேயா, கீழேயா?

பிளஸ் ஒன் மாணவி, ஒட்டன்சத்திரம்:
எஃகு, ரப்பர் இரண்டில் எதற்கு மீட்சித்தன்மை அதிகம்? எஃகு என்று எழுதினால் மார்க் வருகிறது. ஆனால் மனசு ஒப்பவில்லை.

மனசு ஒப்பாததற்குக் காரணம் சொல்தான். வீட்டில் ‘எலாஸ்டிக்’ என்றால் நன்றாக இழுபடுவது. இயற்பியலில் மீட்சித்தன்மை என்றால் இழுபட மறுப்பது, இழுபட்டாலும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடுவது. ஒரே நீளமும் ஒரே தடிமனும் உள்ள எஃகுக் கம்பியையும் ரப்பர் நாடாவையும் ஆணியில் மாட்டி, இரண்டிலும் ஒரே எடையைத் தொங்கவிடுங்கள். ரப்பர் தரையைத் தொட்டுவிடும். எஃகு நீண்டதா இல்லையா என்று பார்க்கவே கருவி வேண்டும். எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 200 கிகா பாஸ்கல். ரப்பருக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

ரப்பரை அதோடு விட்டுவிடாதீர்கள். தடிமனான ரப்பர் பேண்டை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென்று இழுங்கள். சுடும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, தளர்த்தி, உடனே உதட்டில் வையுங்கள். ஜில்லென்று இருக்கும். எடை தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் எஃகுக்கு நேர்மாறாக அது சுருங்கி எடையை மேலே தூக்கும். 1805-ல் இதை எழுதிவைத்த ஜான் காஃப், சிறுவயதில் அம்மை கண்டு பார்வை இழந்த ஆங்கிலேயர். அவர் கண்டுபிடித்தது உதட்டால்தான்.

பிளஸ் ஒன் மாணவர், அரூர்:
மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது முடுக்கமும் பூஜ்யம்தானே?

அதுவும் பூஜ்யமாகிவிட்டால் பந்து கீழே வரவே வராது. அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு தாய், திண்டிவனம்:
மகன் பைக்கை எண்பதில் ஓட்டுகிறான். அறுபதில் போடா என்றால், “இருபதுதானேம்மா கூட” என்கிறான். இருபது அவ்வளவு பெரிய விஷயமா?

மிகப் பெரிய விஷயம் அம்மா. உங்கள் மகன் வேகத்தைக் கூட்டிப் பார்க்கிறார். சாலை பெருக்கிப் பார்க்கிறது. இந்தக் கணக்கை அவரையே உட்கார்ந்து போடச் சொல்லுங்கள், பிளஸ் ஒன் முதல் பருவப் பாடம்தான்.

மணிக்கு 60 கி.மீ. என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். 80 என்றால் 22.2 மீட்டர். குறுக்கே ஒரு மாடு வருகிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விநாடியில் 60-ல் வந்தவர் 17 மீட்டரும் 80-ல் வந்தவர் 22 மீட்டரும் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் பிரேக். காய்ந்த நல்ல தார்ச்சாலையில் விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வேகம் குறைகிறது என்றால், 60-ல் வந்த வண்டி இன்னும் 20 மீட்டர் ஓடி நிற்கும். 80-ல் வந்தது 35 மீட்டர் ஓடும். நிற்கும் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று பாடத்தில் ஒரு வரியாக வருவதன் பொருள் இதுதான்.

இனி முக்கியமான இடம். 60-ல் வந்தவர் மொத்தம் 36 அல்லது 37 மீட்டரில் மாட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். 80-ல் வந்தவர் அதே இடத்தைக் கடக்கும்போது என்ன வேகத்தில் இருப்பார்? இருபதில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கணக்கு ஏறத்தாழ 62 என்று சொல்கிறது. ஒருவர் முழுசாக நின்றுவிட்ட இடத்தில் இன்னொருவர் அறுபதுக்குக் குறையாத வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார். இதை நான் முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி போட்டேன். விடை மாறவில்லை.

ஹெல்மெட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நுரையில் இரண்டரை சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் அது தாங்கும் சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப் போல 60 மடங்கு. வெறும் தலை தார்ச்சாலையில் மோதி 3 மில்லிமீட்டரில் நின்றால் 500 மடங்கு. உயரத்தை, நின்ற தூரத்தால் வகுத்தால் போதும், வேறு சூத்திரம் வேண்டாம். அந்த இரண்டரை சென்டிமீட்டர் நுரை பெட்ரோல் டேங்க் மேல் இருந்தால் டேங்குக்குத்தான் பாதுகாப்பு.

இல்லத்தரசி, காரைக்குடி:
காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சொய்யென்று ஆவியாகிறது. இன்னும் அதிகமாகக் காய்ந்தால் சொட்டுகள் உருண்டு ஓடுகின்றன, சீக்கிரம் ஆவியாவதும் இல்லை. சூடு கூடினால் சீக்கிரம் ஆவியாக வேண்டாமா?

தோசைக்கல்லை இப்படிப் பார்க்கிற கண்ணுக்கு என் வணக்கம். கல் நூறு டிகிரியைத் தாண்டிக் கொஞ்சம் மேலே இருக்கும்போது சொட்டு உலோகத்தோடு ஒட்டிப் பரவுகிறது. சூடு நேராக உள்ளே இறங்கிச் சொய்யென்று கொதித்துத் தீர்கிறது. கல் ஏறத்தாழ 200 டிகிரியை எட்டியதும் கதை மாறுகிறது. சொட்டு தொட்ட கணத்திலேயே அதன் அடிப்பக்கம் ஆவியாகி, அந்த ஆவி ஒரு மெல்லிய மெத்தை போலச் சொட்டைத் தாங்கிக்கொள்கிறது. நீராவி வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உராய்வும் இல்லாததால் சொட்டு முத்து மாதிரி உருண்டு, கல்லின் தாழ்ந்த பக்கம் தேடி ஓடுகிறது.

1756-ல் லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் பழுக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியில் சொட்டு விட்டு, அது எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று எண்ணிப் பார்த்து எழுதினார். அவர் பெயர்தான் இந்த விளைவுக்கு. உங்களுக்கு இதில் சமையல் பலனும் உண்டு: சொட்டு உருண்டு ஓடினால் கல் தோசைக்கு மிஞ்சிக் காய்ந்துவிட்டது. அந்த நேரத்தில் மாவு ஊற்றினால் அடியில் ஆவி கிளம்பி, மாவு கல்லில் பிடிக்காமல் கரண்டியோடு சுருண்டு வரும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துடைத்து, சொய்யென்ற சத்தம் திரும்பிய பிறகு ஊற்றுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவர், ஓசூர்:
ஏ.சி. வாங்க வசதி இல்லை. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?

சூடாகும். ஃபிரிட்ஜ் முன்னால் எடுக்கிற வெப்பத்தைப் பின்னால் கொட்டுகிறது. அதோடு மோட்டார் இழுத்த மின்சாரமும் வெப்பமாகி அறைக்குள்ளேயே சேர்கிறது. ஏ.சி.க்கு ஒரு பாதி வீட்டுக்கு வெளியே இருப்பது அதனால்தான்.

ஓய்வுபெற்ற தபால்காரர், ஊட்டி:
எங்கள் ஊரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. தண்ணீர் நன்றாகத்தான் கொதிக்கிறது.

கொதிக்கிறது ஐயா, ஆனால் சூடு போதவில்லை. பருப்பை வேகவைப்பது குமிழி இல்லை, வெப்பநிலை. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே நீங்கள் இருக்கிறீர்கள். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு அடுப்பை எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் ஏறாது.

குக்கர் இருந்தால் கவலை இல்லை. அதன் தலையில் இருக்கும் வெயிட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆவி வரும் துளை 3 மி.மீ. விட்டம் என்றால், உள்ளே வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக நிற்க, அந்தத் துளைமேல் 70 கிராம் எடை உட்கார்ந்தால் போதும். சென்னையில் அந்தக் குக்கருக்குள் 120 டிகிரி. ஊட்டியில் வெளிக்காற்று குறைவாக அழுத்துவதால் 116, 117 டிகிரி. சென்னைக்காரர்களைவிட ஒரு விசில் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் எல்லா ஊருக்கும் பொருந்தும். விசில் வந்துவிட்டால் உள்ளே வெப்பநிலை அந்த வெயிட் விதித்த இடத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் பெரிய தீயில் வைத்தால் கேஸ்தான் ஆவியாகும், பருப்பு சீக்கிரம் வேகாது.

பிளஸ் டூ மாணவர், திருவாரூர்:
எங்கள் ஊர்த் தேர் புறப்படும்போது மட்டும் ஏன் அவ்வளவு பாடு? நகர்ந்துவிட்டால் சுலபமாகப் போகிறதே!

நின்ற பொருளைப் பிடித்து வைக்கும் உராய்வு, நகரும் பொருளைத் தடுக்கும் உராய்வைவிடப் பெரிது. அச்சும் சக்கரமும் அழுந்திக் கிடந்த இடத்தில் மேடு பள்ளங்கள் ஒன்றோடு ஒன்று கவ்விக்கொள்கின்றன. சக்கரம் தரையிலும் கொஞ்சம் பதிந்திருக்கிறது. அந்தக் குழியிலிருந்து ஏறியாக வேண்டும். அதனால்தான் வடம் பிடிப்பவர்கள் முன்னால் இழுக்கும் அதே நேரத்தில் பின்சக்கரத்தில் சன்னை போடுகிறார்கள். சன்னை என்பது நெம்புகோல். நீண்ட பக்கம் அத்தனை பேர் ஏறி மிதிக்க, குட்டைப் பக்கம் சக்கரத்தை அரை அடி தள்ளிவிடுகிறது. அந்த அரை அடிதான் வேண்டியது.

சுலபமாகப் போகிறது என்கிறீர்கள். நிறுத்துபவரைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர்த் தேர் ஏறத்தாழ 300 டன் என்பார்கள். அது விநாடிக்கு அரை மீட்டர் நகர்ந்தால், அதன் இயக்க ஆற்றல் ஆளோடு சேர்த்து 200 கிலோ உள்ள ஒரு பைக் 70 கி.மீ. வேகத்தில் போவதற்குச் சமம். ஆற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை. உந்தத்தைக் கணக்கிடுங்கள், தேருடையது ஏறத்தாழ 40 மடங்கு. இரண்டையும் ஒரே நேர அளவில் நிறுத்த வேண்டுமென்றால் தேருக்கு 40 மடங்கு விசை தேவை. முட்டுக்கட்டை போடுபவரின் கையும் கண்ணும் அந்த நாற்பது மடங்கோடு மல்லுக்கட்டுகின்றன. திருச்சி பெல் நிறுவனம் உங்கள் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது, பாஸ்கல் விதியின் துணையோடு. அப்படியும் முட்டுக்கட்டைக்காரர் இல்லாமல் தேர் வீதி திரும்புவதில்லை.

இயற்பியல் ஆசிரியை, நாகர்கோவில்:
அமெரிக்காவின் டகோமா பாலம் ஒத்ததிர்வால் விழுந்தது என்று நடத்துகிறேன். தவறு என்று ஒரு மாணவன் எழுந்து நிற்கிறான்.

அவனை உட்கார வைக்காதீர்கள் டீச்சர், அவன் சொல்வது சரி. 1940 ஜூலை 1-ல் திறந்த பாலம் அதே ஆண்டு நவம்பர் 7-ல் விழுந்தது. அப்போது காற்று மணிக்கு ஏறத்தாழ 64 கி.மீ. பெரிய புயல் இல்லை. ஒத்ததிர்வுக்கு, பாலத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும்படி யாரோ தாளம் தவறாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், ஊஞ்சலை ஆட்டுவது போல. அன்று அடித்தது சீரான காற்று. அதில் தாளம் இல்லை. பாலம் லேசாக முறுக்கிக்கொண்டபோது, அந்த முறுக்கே காற்று அதைத் தாக்கும் கோணத்தை மாற்றியது. மாறிய கோணம் முறுக்கை இன்னும் வளர்த்தது. ஆட்டியது பாதி காற்று, பாதி பாலமேதான். வாழையிலை சாதாரணக் காற்றிலேயே படபடவென்று அடித்துக் கிழிகிறதே, அதற்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

நீட் பயிற்சி மாணவி, சேலம்:
மையவிலக்கு விசை உண்மையா, பொய்யா?

கவணில் கல்லை வைத்துச் சுழற்றி விடுங்கள். வெளிப்பக்கமாக ஒரு விசை உண்மையிலேயே இழுத்துக்கொண்டிருந்தால், விட்டதும் கல் உங்களிடமிருந்து நேராக வெளியே பறக்க வேண்டும். பறப்பதில்லை. வட்டத்தின் தொடுகோட்டில் போகிறது. தினைப்புனத்தில் கிளி விரட்டியவர்களுக்கு இது தெரியும், எங்கே விடுவது என்று கை அறிந்திருந்தது. தரையில் நின்று பார்ப்பவருக்கு அந்த விசை இல்லை. கல்லோடு சேர்ந்து சுற்றுபவருக்குக் கணக்குப் போட அது தேவை. கேள்வித்தாளில் ‘சுழலும் குறிப்பாயம்’ என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டடத் தொழிலாளியின் மகள், பிளஸ் டூ, விருத்தாசலம்:
அப்பா கம்பி கட்டுகிறவர். தளத்துக்குக் கம்பி அடியில் வரும், சன்ஷேடுக்கு மேலே வரும் என்கிறார். ஏன் என்று கேட்டால் “அப்படித்தான்” என்கிறார். கோயிலில் கம்பியே இல்லாமல் கல் நிற்கிறதே!

இந்த இதழில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். உங்கள் அப்பா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. கோயிலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கருங்கல்லை நசுக்குவது பெரும்பாடு. இழுத்தால் விரைவில் உடைந்துவிடும். நசுக்கலைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அது இழுப்பைத் தாங்கும். தூணாக நிற்கும்போது கல்லுக்கு வெறும் நசுக்கல்தான், ஆயிரம் வருஷம் நிற்கும். அதே கல்லை இரண்டு தூணுக்கு நடுவே உத்திரமாகப் படுக்கவைத்தால் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவு தொய்கிறது. தொய்ந்தால் மேல் முகம் நெருக்கப்படும், அடி முகம் இழுபடும். கல் உடைவதென்றால் அடியிலிருந்துதான் விரிசல் கிளம்பும். தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை இரு மடங்காக்கினால், உத்திரத்தின் சொந்த எடையே அடி முகத்தில் தரும் தகைவு நான்கு மடங்காகிறது. ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் கால் எதற்கு என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. தூணின் தலையில் இரு பக்கமும் கை நீட்டி நிற்கும் போதிகையை வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். அது இடைவெளியை ஒரு முழம், ஒன்றரை முழம் குறைத்துக் கொடுக்கிறது. சிற்பி அதில் பூவும் வைத்தார், கணக்கும் வைத்தார்.

கான்கிரீட்டும் கல்லின் சாதிதான், இழுப்புக்கு ஆகாது. அதனால் இழுபடும் பக்கத்தில் கம்பியை வைக்கிறோம். நாலு பக்கமும் சுவர்மேல் உட்கார்ந்த தளம் நடுவில் தொய்யும், அடிப்பக்கம் இழுபடும், கம்பி அடியில். சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடிபட்டு, மறுபக்கம் அந்தரத்தில் நிற்கிறது. அது தொங்கப் பார்க்கும்போது எந்த முகம் இழுபடுகிறது? உங்கள் கையை நேராக நீட்டி, விரல் நுனியில் ஒரு வாளியை மாட்டிப் பாருங்கள். வலி தோளின் மேற்புறத்தில் வரும். கம்பி வர வேண்டிய இடம் அதுதான். வெயிலில் இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்தால் கம்பி கான்கிரீட்டை விட்டுப் பிரிந்துவிடும் அல்லவா? நம் அதிர்ஷ்டம், ஒரு டிகிரிக்கு எஃகு பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது, கான்கிரீட் ஏறத்தாழ 10. இரண்டும் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். இந்தப் பொருத்தம் இல்லையென்றால் நம் ஊர்களில் ஒரு மாடி வீடும் இருக்காது.

இப்போது உங்கள் அப்பாவிடம் நான் சொல்லச் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள். அவர் கம்பியை மேலே சரியாகத்தான் கட்டிவிட்டுப் போவார். மறுநாள் கான்கிரீட் போட வருகிறவர்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கம்பியின் மேலேயே மிதித்து நடப்பார்கள். கம்பி அமுங்கி நடுவுக்கோ அடிக்கோ போய்விடும். நாலு அங்குலக் கனமுள்ள சன்ஷேடில் மேலிருந்து ஒரு அங்குலத்துக்குள் இருக்க வேண்டிய கம்பி நடுவுக்குப் போனால், அடி முகத்திலிருந்து அதன் உயரம் 76 மில்லிமீட்டரிலிருந்து 50 ஆகிறது. பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அடிக்கே போய்விட்டால் 20 மில்லிமீட்டர், கம்பி இருந்தும் இல்லாத மாதிரி. வெளியே பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. பெயின்ட் அடித்து, கிரகப்பிரவேசம் முடிந்து, என்றைக்கோ ஒருவர் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்ய அதன்மேல் ஏறி நிற்கும்போது சுவரோரமாக மேல்பக்கத்தில் விரிசல் விடும். கம்பிக்கு அடியில் சேர் கம்பி கொடுங்கள், நடக்கப் பலகை போடுங்கள், கான்கிரீட் போடும் அன்று கம்பி கட்டியவர் பக்கத்தில் நிற்கட்டும். கூலி ஒரு நாள் கூட ஆனாலும் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. “அப்படித்தான்” என்று உங்கள் அப்பா சொன்ன ஒரு சொல்லுக்குள் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

டீக்கடைக்காரர், பரமக்குடி:
கனமான கண்ணாடி கிளாஸ்தான் கொதிக்கும் டீ ஊற்றினால் விரிசல் விடுகிறது, மெல்லியது தாங்குகிறது. ஏன்?

கண்ணாடி வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். கனமான கிளாஸில் உள்பக்கம் சூடாகி விரிந்துவிட்டது, வெளிப்பக்கத்துக்கு இன்னும் சேதியே போகவில்லை. உள்ளே விரிய, வெளியே இழுபட, இழுப்பு தாங்காமல் தெறிக்கிறது. மெல்லிய கிளாஸில் இரு பக்கமும் ஒன்றாகச் சூடாகும். முதலில் வெந்நீரில் அலசிவிட்டு ஊற்றுங்கள்.

பிளஸ் ஒன் மாணவர், வேலூர்:
எங்கள் வீட்டு மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. சென்னை அத்தை வீட்டில் அதே பானை, அதே மண், தண்ணீர் சுமார்தான்.

பானை அதேதான், காற்று வேறு. பானையின் நுண்துளைகள் வழியே கசிந்த நீர் வெளிமுகத்தில் ஆவியாகிறது. ஆவியாக வேண்டிய உள்ளுறை வெப்பத்தை உள்ளிருக்கும் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் 10 டிகிரி குளிர, 17, 18 கிராம் ஆவியானால் போதும். கால் டம்ளர்கூட இல்லை. வேலூரின் வறண்ட காற்று அந்த ஆவியை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது. சென்னைக் காற்றில் கடலின் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. அத்தையிடம் பானையை ஜன்னலோரம், காற்று வரும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வெளியே பெயின்ட் அடித்திருந்தால் அந்தப் பானை கோலத்துக்கு மட்டும்தான் ஆகும்.

ரயில் பயணி, விழுப்புரம்:
முன்பெல்லாம் தடக் தடக் என்று ரயில் தாலாட்டும். இப்போது அந்தச் சத்தம் இல்லை. தண்டவாளத்தில் இடைவெளி விடாவிட்டால் வெயிலில் வளைந்துவிடும் என்றுதானே படித்தோம்?

சரியாகத்தான் படித்தீர்கள். பழைய 13 மீட்டர்த் தண்டவாளம் 40 டிகிரி ஏறினால் 6 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விட்டிருந்தார்கள், அதன் மேல் சக்கரம் விழுந்த சத்தம்தான் உங்கள் தாலாட்டு. இப்போது கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்துவிடுகிறார்கள். விரிய இடம் இல்லாவிட்டால் விரிவு எங்கே போகும்? தகைவாக மாறி உள்ளேயே இருக்கும். யங் குணகம், விரிவுக் குணகம், வெப்பநிலை மாற்றம், மூன்றையும் பெருக்குங்கள். 30 டிகிரிக்கு 72 மெகா பாஸ்கல். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் இது ஏறத்தாழ 55 டன் அழுத்தம். தண்டவாளத்தின் நீளம் எவ்வளவானாலும் இதே 55 டன்தான். நீளம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அந்த 55 டன் தண்டவாளத்தைப் பக்கவாட்டில் பிதுக்கித் தள்ளப் பார்க்கிறது. பிடித்து வைத்திருப்பவை கனமான கான்கிரீட் ஸ்லீப்பர், கிளிப், இரு பக்கமும் குவித்த ஜல்லி. வெயிலுக்கும் குளிருக்கும் நடுவான ஒரு வெப்பநிலையில் தண்டவாளத்தைத் தகைவு இல்லாமல் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பகலில் நெருக்கம், மார்கழி இரவில் இழுப்பு. ஏப்ரல் வெயிலில் தோளில் சுத்தியலோடு ஒருவர் தண்டவாளத்தின் மேல் கண் வைத்து நடந்துகொண்டிருப்பதை ஜன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள். அவர் கீமேன். ஜல்லி சரிந்திருக்கிறதா, கிளிப் கழன்றிருக்கிறதா என்று அவர் பார்த்துப் போனதால்தான் நீங்கள் தூங்கிக்கொண்டு போகிறீர்கள்.

பிளஸ் டூ மாணவர், நாமக்கல்:
பயிற்சி மையத்தில் முந்நூறு சூத்திரங்கள் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

முப்பது போதும். மீதியை அதிலிருந்து வருவித்துக்கொள்ளலாம். வருவிக்கத் தெரியாமல் மனப்பாடம் செய்த சூத்திரம் பரீட்சை அறையில் ஒரு குறியீடு மறந்தாலும் கைவிட்டுவிடும். ஒவ்வொரு விடைக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள்: பரிமாணம் சரியா? எண் நம்பும்படி இருக்கிறதா? தென்னை மரத்திலிருந்து விழுந்த தேங்காய் விநாடிக்கு 200 மீட்டர் வேகம் என்று விடை வந்தால், கால்குலேட்டரை விட்டுவிட்டு மரத்தை நினையுங்கள். 20 மீட்டர் மரத்துக்கு வர வேண்டியது 20.

வரலாற்று ஆர்வலர், பெருந்துறை:
நம் ஊருக்கும் பொருள்களின் இயற்பியலுக்கும் தொடர்பு உண்டா?

உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்திலேயே உண்டு. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய மூசை உருக்கை ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றார்கள். ‘உருக்கு’, ‘உக்கு’ என்ற சொல்லிலிருந்து அது வந்தது என்பது அறிஞர்கள் பலர் கொண்ட கருத்து. அதில் கார்பன் 1 முதல் 2 சதவீதம். சாதாரண இரும்பைவிடப் பல மடங்கு கடினம். அதே நேரம் சூடு கொஞ்சம் தப்பினால் சம்மட்டிக்கு அடியிலேயே உடைந்துபோகும். 1819-ல் அதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன். அதன் ரகசியம் அலுமினியத்தில் இருப்பதாக நினைத்தார், அது சரியில்லை. ஆனால் அந்தத் தேடல் அவரை எஃகுக் கலவைகளைப் பற்றிய ஆய்வுக்குக் கொண்டுபோனது.

சுற்றுலாப் பயணி, கோவில்பட்டி:
குற்றாலத்தில் அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் சூடாக வேண்டாமா? நடுங்க வைக்கிறதே!

சூடாகிறது, உடம்புக்குத் தெரியாத அளவு. 100 மீட்டர் விழுந்தால் கால் டிகிரிக்கும் குறைவு. 253 மீட்டர் விழும் கர்நாடகத்தின் ஜோக் அருவியிலேகூட 0.6 டிகிரிதான் கணக்கு வரும். தூவானமாகச் சிதறி ஆவியாகும்போது இழக்கும் வெப்பம் அதை எளிதாக மிஞ்சிவிடும். ஆனால் பேரருவியில் வேறொன்றைப் பாருங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான குழியில் விழுந்து, அங்கே வேகத்தை இழந்து, பொங்கி வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அந்தக் குழி இல்லையென்றால் அடியில் நின்று குளிக்க முடியாது.

பிளஸ் ஒன் மாணவர், உசிலம்பட்டி:
வளையத்தைச் சூடாக்கினால் நடுவில் உள்ள துளை சிறுக்குமா, பெருக்குமா? இரும்பு எல்லாப் பக்கமும் விரிகிறது என்றால் துளைக்குள்ளும் விரிந்து அதை அடைக்க வேண்டாமா?

பெருக்கும். உங்கள் தாத்தா காலத்தில் இதை விவாதித்திருக்க மாட்டார்கள், வண்டிப் பட்டறைக்குப் போனால் கண்ணாலேயே பார்த்திருக்கலாம்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பட்டறையில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். மரச்சக்கரம் தரையில் படுத்திருக்கும். இரும்புப் பட்டை அதைவிட ஒரு நூல், இரண்டு நூல் சின்னது. எப்படிச் சேரும் என்று எங்களுக்கு ஆச்சரியம். பட்டையைத் தரையில் வைத்து, சுற்றிலும் வறட்டியும் விறகும் அடுக்கித் தீ வைப்பார் ஆசாரி. ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான விட்டம். ஐந்நூறு டிகிரி ஏறினால் விட்டம் 8 மில்லிமீட்டர் பெருக்கும் என்று இன்று கணக்குப் போட முடிகிறது. அவர் கணக்குப் போடவில்லை. பட்டையின் நிறத்தைப் பார்த்தார், ஒரு மரச்சிராயை அதன் மேல் தேய்த்துப் புகை வருவதைப் பார்த்தார். பிறகு மூன்று பேர் நீண்ட குறடுகளால் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் இறக்கினார்கள். சொன்னது போல உள்ளே போனது. மரம் பற்றிக்கொண்டு எரிய ஆரம்பித்தது.

உடனே குடம் குடமாகத் தண்ணீர். முகம் தெரியாத அளவுக்கு ஆவி. அந்த ஆவிக்குள்ளிருந்து டக், டக், டக் என்று சத்தம் கேட்டது. பட்டை சுருங்கச் சுருங்க, வட்டைகள் நெருங்கி, ஒவ்வோர் ஆரக்காலும் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இறுகி உட்கார்ந்துகொண்டிருந்தது.